மீட்டேற்று

நான் கோபக்காரன். இதை என் மனைவி சுரேகா சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்; நானே சொல்லிக்கொண்டால் பரவாயில்லை. விண்டோஸ் என்று யாராவது என் எதிரில் பெருமையாகப் பேசினால் எனக்குக் காது சூடாகிவிடும். கணினி நம்முடையது. அதில் ஓடுகிற நிரல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று நாம் திறந்து பார்க்க முடிய வேண்டும், வேண்டுமானால் திருத்திக்கொள்ளவும் முடிய வேண்டும். இதுதான் என் கட்சி. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் தையல் வகுப்பு நடக்கிற மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடும் எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவுக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். கேட்டவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்போம், சொல்லிக் கொடுப்போம், மென்பொருள்களைத் தமிழாக்குவோம். அங்கே காசு கிடையாது. சண்டை உண்டு.

சண்டைக்கென்று எனக்கு வாய்த்தவன் ஜெபா. ஆவடி சேக்காட்டுக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். குழுவில் அவன் அளவுக்குத் தமிழாக்கம் செய்தவர் யாரும் இல்லை, நான் உட்பட. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் என்னோடு மல்லுக்கு நிற்பான். 'ரீலோடு' என்பதற்கு நான் 'மீட்டேற்று' என்று ஒரு சொல் வைத்தேன். டீக்கடையில் அவன் சிரித்த சிரிப்பில் டீ அவன் மூக்கில் ஏறிவிட்டது.

"இன்னா சேகரு, மீட்டேற்றா? ஆட்டோல மீட்டர ஏத்துற மாரி கீது. 'மறுபடி ஏத்து'ன்னு போட்டுட்டுப் போ. எங்க அம்மாவுக்குக்கூட புரியும்."

"உங்க அம்மா எதை ஏத்தப் போறாங்க?"

"எதையாவது ஏத்துவாங்க. நீ இத்த போட்டன்னா நான் வெட்டுவேன், சொல்லிட்டேன்."

நான் விடவில்லை, அவனும் விடவில்லை. அந்தச் சொல் முடிவாகாமலே கிடந்தது. எங்கள் இருவர் வாயைத் தவிர வேறு எங்கும் அது வந்து நான் கேட்டதில்லை.

சொல்லுக்காகப் போட்ட சண்டையெல்லாம் டீயோடு முடிந்துவிடும். பெரிய சண்டை கோடை முகாமில் வந்தது. ஆவடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தினோம். ஒரு பக்கம் நான் மென்பொருள் விடுதலை பற்றித் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பக்கம் ஜெபா குழுவின் கணினியில், ஊரே ஆடுகிற அந்தத் துப்பாக்கி ஆட்டத்தைப் போட்டுவிட்டு, "லினக்ஸ்ல கேம் வராதுன்னு எவன் சொன்னது? வந்து பாருங்கடா" என்கிறான். என் எதிரில் இருந்த நாற்காலிகள் காலியாகிவிட்டன. ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காலில் கட்டு.

எனக்கு வந்த கோபத்தில் பிள்ளைகள் முன்னாலேயே கத்தினேன். அந்த ஆட்டம் பூட்டிய பெட்டி, அதை எவன் எப்படி எழுதினான் என்று நமக்குத் தெரியாது, நாம் கதவைத் திறக்கப் பாடுபடுகிறோம், நீ உள்ளே பூட்டைக் கொண்டு வந்து மாட்டுகிறாய் என்றேன்.

"கேமுக்காகத்தான் சேகரு இந்தப் பசங்க விண்டோஸ உடாம புடிச்சிகினு கீதுங்க" என்றான் ஜெபா. "கேம் வந்தா, தானா இங்க வருங்க."

"மன்னிப்புக் கேளு" என்றேன். அவன் கேட்கவில்லை. அந்தச் சூட்டிலேயே நான் ஒரு விதி எழுதினேன்: குழுவின் கணினியிலோ சொந்தக் கணினியிலோ பூட்டிய ஆட்டம் போடுகிறவருக்குக் குழுவில் இடமில்லை. சொந்தக் கணினி என்பதை நான்தான் வேண்டுமென்றே சேர்த்தேன். ஜெபாவை நீக்குவதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவு செய்வதாக இருந்தது. நீக்கினால் நாங்கள் தமிழாக்கிய மென்பொருளில் 'பங்களித்தோர்' என்று வரும் பக்கத்திலிருந்து அவன் பெயரும் போய்விடும். அந்தப் பக்கத்தை அவன் மகள் தன் பள்ளிக் கணினியில் திறந்து, "இது எங்க அப்பா" என்று எல்லோருக்கும் காட்டுவாளாம். இது எனக்குத் தெரியும்.

தீர்மானத்துக்கு ஆதாரம் வேண்டுமே என்று அந்த ஆட்டத்தை என் மடிக்கணினியில் போட்டேன். உண்மையாகவே ஆதாரத்துக்குத்தான். விண்டோஸுக்காக எழுதிய ஆட்டத்தை லினக்ஸில் ஓட வைக்க நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் மாதிரி ஒரு நிரல் உண்டு. திக்கும், திணறும், நின்றுபோகும், அதைப் படம் பிடித்துக் கூட்டத்தில் காட்டலாம் என்று நினைத்தேன். சனியன் வெண்ணெய் மாதிரி ஓடியது.

அதன் பிறகு ஆபீஸ் விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"என்ன பண்றீங்க?" என்றாள் சுரேகா.

"மொழிபெயர்ப்பு."

"உங்க மொழிபெயர்ப்புல என்னங்க குண்டு வெடிக்குது?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குக் குக்கரை அடுப்பில் வைக்கப் போய்விட்டாள்.

ஆட்டத்தில் எனக்குக் கருவண்டு என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். இணையத்தில் நாலு பேர் சேர்ந்து ஓர் அணி; ஆள் இல்லாதவர்களை ஆட்டமே யாரோடாவது சேர்த்துவிடும். அப்படி ஒரு மாலையில் என்னைச் சேர்த்துவிட்ட அணியில், "மாமே, பின்னாடி வா, தனியா போயி சாவாத" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

உடனே வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கு அவனோடு ஆடியது சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். மைக் பழுது என்று தட்டச்சு செய்தேன். அதையும் தமிழில்தான் செய்தேன். எனக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களைக் கண்டால் ஆகாது. ஆட்டத்தின் திரையில் எழுத்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறித் தெரிந்தது.

"யார்ரா நீ, தமிழ்ல டைப் அடிக்கிற" என்று ஜெபா சிரித்தான். என்னை நண்பனாகச் சேர்த்துக்கொண்டான். தினமும் சாயங்காலம் அவனே கூப்பிட ஆரம்பித்தான். கூட்டம் நெருங்க நெருங்க, பகலில் அவனை நீக்கும் தீர்மானத்தை மெருகேற்றினேன்; மாலையில் அவன் முதுகுக்குக் காவல் நின்று சுட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள், இடிந்த ஒரு வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மாட்டிக்கொண்டோம். மூன்று பக்கமும் சுடுகிறார்கள். என் துப்பாக்கி காலி. மறுபடி குண்டு போடும்வரை, அதாவது ரீலோடு செய்யும்வரை, அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் விரல்கள் தாமாக அடித்தன: மீட்டேற்றுகிறேன்.

அனுப்பிய பிறகுதான் என்ன அனுப்பினேன் என்று பார்த்தேன். ஜெபா ஜன்னல் பக்கம் நகர்ந்து சுட்டான். அப்புறம், "சரி ஏத்து, நான் பாத்துக்கறேன்" என்றான், எப்போதும் போல.

எழுத்துத்தான் சிதறித் தெரியுமே, அவன் படித்திருக்க மாட்டான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த ஆட்டம் முடிந்ததும் அவன் வழக்கம்போலக் கிளம்பவில்லை.

"கருவண்டு, உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டா? ஞாயித்துக்கெழம எங்க குரூப்புல என்ன தூக்கப் போறாங்கோ. அங்க சேகர்னு ஒருத்தன் கீறான். கோவக்காரன், ஆனா நல்லவன். அவன் ஒரு வார்த்த சொன்னா போதும், நின்னுடும். சொல்லுவான்றியா?"

திரையில் குறி மின்னிக்கொண்டே இருந்தது. 'தெரியாது' என்று அடித்தேன்.

"அதுவும் சரிதான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தையல் இயந்திரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். ஜெபா சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்திருந்தான். அது எனக்கு என்னவோ செய்தது. தலைமைக்கு நாகப்பன் சார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், விதி என்றால் விதி. தீர்மானத்தை அவரே படித்தார்.

"ஜெபா, நீங்க இன்னும் ஆடறீங்களா?"

"ஆட்றேன் சார். தெனமும்."

"ஒருங்கிணைப்பாளர் ஏதாவது சொல்லணுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும்தான் ஆடுகிறேன், நேற்றுக்கூட ஆடினேன் என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? வாயைத் திறந்தேன். "விதி எல்லாருக்கும் பொதுதானே சார்" என்று வந்தது. நாசமாய்ப் போன வாய். ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். என் கையும் எழுந்தது. முழுதாகக்கூட இல்லை, காது வரைக்கும். நாகப்பன் சார் அதையும் எண்ணிக்கொண்டார்; தீர்மானம் நிறைவேறியது.

ஜெபா எழுந்தான். கோபம் எதுவும் இல்லை முகத்தில்.

"சரிங்க சார். போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிக்கறேன். அந்த ரீலோடு வார்த்த முடிவாகாம கெடக்குது. சேகர் சொன்னதயே போட்டுக்கங்க. மீட்டேற்று. நான்கூட கிண்டல் பண்ணிகினு இருந்தேன். ஆனா சாவப் போற அவசரத்துல ஒரு ஆளுக்குக் கைல தானா வருதுன்னா, அது நல்ல வார்த்தயாத்தான் இருக்கணும்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "நல்ல பெருந்தன்மை" என்றபடி நாகப்பன் சார் அந்தச் சொல்லையும் முடிவானதாகக் குறித்துக்கொண்டார். எனக்கு மட்டும் புரிந்தது. அவன் படித்திருக்கிறான். சொல்லுவான்றியா என்று கேட்டானே, அதை யாரோ கருவண்டிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டிருக்கிறான். இன்றைக்குக்கூட என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையையும் எனக்கே கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்து சுரேகாவிடம் தலைவலி என்றேன். சாயங்காலம் மடிக்கணினியைத் திறந்தேன், ஆட்டத்தை அழித்துவிடலாம் என்று. அழிப்பதற்குள் அவன் அழைப்பு வந்து நின்றது. போவதா என்று நினைப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது.

"வந்தியா" என்றான். "இன்னிக்கு நம்ம ரெண்டு பேர்தான். எறங்கு."

அதே இடிந்த வீடு. முதல் முறையாக மைக்கைத் திறந்தேன்.

"ஜெபா."

"இன்னா, மைக் சரியாப்போச்சா?"

"நான் கையத் தூக்கிட்டேன்டா."

"பாத்தேன்."

"எதுக்குடா என்னக் கூப்பிட்ட?"

"வேற எவன் கீறான், தமிழ்ல டைப் அடிக்க" என்றான். அவன் வீட்டில் பிள்ளை ஏதோ கேட்பதும், 'இரும்மா' என்று அவன் சொல்வதும் காதில் விழுந்தது. அவள் இன்னும் அந்தப் 'பங்களித்தோர்' பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.

"அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் நானே எழுந்து சொல்லிடறேன். உன் பேரு திரும்ப வந்துடும்."

"சொல்லுவியா?" என்று கேட்டுவிட்டு, பதிலையும் அவனே சொன்னான். "தெரியாது."

எனக்குக் கண் மறைத்தது. எதிரில் யாரோ ஓடி வருகிறார்கள், கண்டபடி சுட்டேன், துப்பாக்கி காலியாகி டிக் டிக் என்றது.

"அப்பால அழுவலாம். ஆளு வர்றான். சுடு சேகரு."

"குண்டு தீந்துடுச்சு."

"அப்ப இன்னா செய்யணும்? வாயத் தொறந்து சொல்லு, நான் பாத்துக்கறேன்."

நான் வைத்த சொல்தான். இன்று காலையில்தான் அது முடிவாகியிருக்கிறது, அவன் பெயர் இல்லாமல். வாயைத் திறந்தேன். வரவில்லை. அவன் எனக்குக் காவலாக நின்று சுட்டுக்கொண்டே காத்திருந்தான்.