மாடி வீட்டுக் கதவின் உயரம்

அக்கா வேலைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டியதும் மாடி வீட்டின் கதவு மறைந்துவிடும். பூட்டிக்கொள்வதோ இறுகிக்கொள்வதோ இல்லை. கதவு இருந்த இடத்தில் சுவர் இருக்கும், நாற்பது வருஷமாக அங்கேயே நின்று அழுக்கேறியதுபோல. தினமும் அப்படியில்லை. இவள் திரும்பி வரப்போவதில்லை என்று தங்கையின் மனசுக்குப் பட்ட நாட்களில் மட்டும். முதல் வருஷம் நாற்பத்தோரு நாள், அடுத்த வருஷம் அறுபத்து மூன்று. அக்காவுக்குப் பல் செட் செய்யும் லேபில் மெழுகில் பல் அடுக்கும் வேலை. தாமதத்துக்குக் காரணம் எழுதும் நோட்டில் ‘கதவு இல்லை’ என்று எழுதி எழுதி அலுத்து, மூன்றாம் வருஷத்திலிருந்து ‘க.இ.’ என்று சுருக்கிக்கொண்டாள். முதலாளியும் அதற்கு ஒரு டிக் போட்டுவிடுவார்.

கதவை வரவழைக்க ஒரே வழி, உட்கார்ந்துவிடுவது. பாவனைக்கு உட்கார்ந்தால் சுவர் ஏமாறாது. பையை இறக்கி, செருப்பைக் கழற்றி, இன்றைக்குப் போகப்போவதில்லை என்று நிஜமாகவே மனசை விட்டுவிட வேண்டும். அப்புறம் மூன்று மணி நேரத்தில் கதவு ஒன்றும் நடக்காததுபோல் வந்து நிற்கும், லேபில் பாதி நாள் முடிந்திருக்கும். ஜன்னலுக்கு ஏணி வைத்து இறங்கலாமே என்று கீழ் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். ஒரு தடவை இறங்கினாள். அன்றைக்கு ஜன்னலும் போய்விட்டது. மூன்று வாரம் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு இருந்ததுதான் மிச்சம். இருவரும் சேர்ந்து வெளியே கிளம்பினால் மட்டும் கதவுக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை.

தங்கை மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாள்களுக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்துபவள். கெட்டிக்காரி. காலையில் அக்காவைப்போல ஒரு பிறவி உண்டா என்பாள். மதியம் ஒரு போனை எடுக்காவிட்டால் அதே அக்கா துரோகி. சாயங்காலம் அப்படிச் சொன்னதற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டு சமையலறை மூலையில் உட்கார்ந்திருப்பாள். இதில் எது நடிப்பு என்று உறவினர்கள் கேட்பதுண்டு. எதுவுமே நடிப்பில்லை என்பதுதான் சங்கடம். பொது மருத்துவமனையின் மனநல மருத்துவர் இதற்கு எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று பெயர் எழுதித் தந்தார். “எந்த ஊர் எல்லைன்னு போடலியே டாக்டர்” என்றாள் தங்கை, பிழை திருத்துபவளின் பழக்கத்தில். வாரா வாரம் வரவேண்டும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும், ஆனால் தேறிவிடலாம் என்றார் மருத்துவர்.

அக்காவிடம் இரண்டு வருஷம் இல்லை. லேபில் பல்லைக் கம்ப்யூட்டரே செதுக்கும் இயந்திரம் வாங்கியிருந்தார்கள். அதை ஓட்ட வேறு ஊரில் ஏழு நாள் பயிற்சி. கற்றவர்கள் இருப்பார்கள், மெழுகோடு நிற்பவர்கள் வீட்டுக்குப் போவார்கள். முந்தைய இரண்டு பயிற்சிகளையும் அக்கா க.இ. காரணமாகத் தவறவிட்டிருந்தாள். அடுத்தது இரண்டு மாதத்தில் என்றார்கள். ஆகவே, மூன்றே அமர்வில் எந்த மனத்தையும் நேராக்குவதாகப் பலகை மாட்டியிருந்த ஹிப்னாட்டிஸ நிபுணரிடம் தங்கையை அழைத்துப் போனாள். அவசரத்தில் மனிதர்கள் செய்வது இதுதான்.

நிபுணர் தனக்குத்தானே ‘ஆழ்மனச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற குரல். சுவரில் பதினேழு சான்றிதழ்கள். கண்ணை மூடச் சொல்லி, பத்துப் படி இறங்கச் சொல்லி, கீழே ஒரு கதவு இருக்கிறது, அதைத் திறந்து துயரத்தை வெளியே விட்டுவிடுங்கள் என்பார். அந்தப் பத்துப் படிக்குள் அவர் ஓசைப்படாமல் நழுவிப் பக்கத்து அறையில் இன்னொருவரைப் படியிறக்கப் போய்விடுவார், இங்கே டேப் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு அறை, ஒரு சக்கரவர்த்தி. எல்லாரிடமும் பலித்த இந்த ஏற்பாட்டைத் தங்கையிடமும் செய்தார். நாலாவது படியில் அவர் கால் நுனியில் எழுந்தார். எழுந்தவருக்கு முன்னால் சுவர் இருந்தது.

ஐந்து மணி நேரம். வெளியில் அக்கா சுவரில் வாயை வைத்து, “ஐயா, செருப்பைக் கழட்டிட்டு நிஜமாவே உக்காருங்க” என்று கத்தினாள். நிபுணர் சுவருக்கே ஹிப்னாட்டிஸம் செய்து பார்த்தார். தங்கை பொழுதுபோகாமல் பதினேழு சான்றிதழ்களையும் திருத்தி முப்பத்தோரு பிழைகள் கண்டாள். ஆறில் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. கடைசியில் அவர் களைத்துச் சாய்வு நாற்காலியில் விழுந்து குறட்டை விட்டார். அன்று அந்த அறையில் ஆழ்ந்த நிலைக்குப் போன ஒரே ஆள் அவர்தான். அது பாவனையில்லை என்பதால் கதவு வந்துவிட்டது. அடுத்த மாதம் அவர் ‘ஐந்து மணி நேரத் தொடர் ஆழ்நிலை முறை’ என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அக்காவின் மூன்றாவது பயிற்சியும் அந்த மாதமே போயிற்று. வேறு ஆள் கிடைக்காததால் முதலாளி இன்னும் ஒரே ஒரு தடவை, அதுவும் பதினைந்து மாதம் கழித்து என்றார்.

இருவரும் பொது மருத்துவமனை மருத்துவரிடமே திரும்பிப் போனார்கள். அவருக்கும் ஹிப்னாட்டிஸம் தெரியுமாம். அது படிக்கட்டில்லை, கைப்பிடிக் கம்பிதான், ஏற வேண்டியது நீங்கள் என்றார். முதல் நாளே கடிகாரத்தைக் காட்டினார். “பதினொன்னு பத்துக்கு எழுந்திரிச்சுப் போவேன். வியாழக்கிழமை பத்தரைக்கு இங்கதான் இருப்பேன். நடுவுல என்னை என்னல்லாம் திட்டணுமோ எழுதி வச்சுக்கோங்க, சேர்ந்து படிக்கலாம்.” பதினொன்று பத்துக்குச் சுவர் வந்தது. அவர் மறுபடி உட்கார்ந்து பாக்கி நோயாளிகளின் குறிப்புகளை எழுதினார். வாரா வாரம் எழுதினார். அந்த மருத்துவமனையில் குறிப்புகள் முழுசாக இருந்த மருத்துவர் அவர் ஒருவர்தான்.

பேச்சுதான் முக்கால் பங்கு. கடைசிப் பத்து நிமிஷம் ஹிப்னாட்டிஸம். படிக்கட்டு கிடையாது. தங்கை கண்ணை மூடி, சொந்த வீட்டிலேயே இருப்பதாக நினைத்து, கதவைக் கீழிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்: வாசற்படியின் விரிசல், கீல், தாழ்ப்பாள், பெயின்ட் உரிந்த இடம். ஐந்தாவது வாரம், அக்கா செருப்பு மாட்டிய காலை, சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்தில் ஒரு கதவு இருந்தது. கீலும் தாழ்ப்பாளும் அளவாக. “எலி வேலைக்குப் போகலாம்” என்றாள் அக்கா. தங்கை இரண்டு நாள் பேசவில்லை, சாணும் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. ஏழாவது மாதம் முழங்கால் உயரம். அக்கா லேப் பையை முன்னால் தள்ளிவிட்டு வயிற்றால் ஊர்ந்து வேலைக்குப் போனாள், கீழ் வீட்டுக்காரர் படியில் நின்று பேப்பர் படிப்பதுபோல் பார்த்தார்.

பத்தாவது மாதம் கதவு இடுப்புவரை வந்திருந்தபோது, யாருடைய பல் செட்டோ உடைந்து அக்கா இருபது நிமிஷம் தாமதமாக வந்தாள். வார்த்தை வளர்ந்தது. “உனக்கு நான் சுமைன்னு சொல்லேன், வாயைத் திறந்து சொல்லேன்” என்றாள் தங்கை. “ஆமாம்டி, என் வாழ்க்கையே உன் சுவருக்குள்ள புதைஞ்சு கிடக்கு” என்றாள் அக்கா. ஒன்பது நாள் கதவு இல்லை. அக்காவால் உட்கார முடிந்தது, மனசை விட முடியவில்லை. முதலாளி பல் அச்சுகளைக் கயிற்று வாளியில் ஜன்னலுக்கு அனுப்பினார். முன்பின் தெரியாதவர்களின் வாய்கள் மேலே வந்தன, பற்களோடு இறங்கிப் போயின. பத்தாம் நாள் தங்கை, யாரும் கேட்காமலே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசற்படியின் விரிசலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். சாயங்காலம் கதவு வந்தது, இடுப்புக்கு நாலு விரல் மேலேயே.

பயிற்சிக்குக் கிளம்பிய அன்று நாலு அடி. அக்கா பெட்டியை முன்னால் தள்ளிவிட்டுக் குனிந்தாள். “எட்டாம் நாள், நாலு மணி” என்றாள். “தெரியும், காலண்டர்ல நாந்தான எழுதினேன். முதுகு பிடிச்சுக்கப் போகுது, போ” என்றாள் தங்கை. ஏழு நாளும் அக்கா கம்ப்யூட்டரில் கடைவாய்ப் பல் செதுக்கக் கற்றாள். மனசு முழுக்கச் சுவரே இருந்தது.

எட்டாம் நாள் நாலு மணிக்கு மாடியேறியவள் முழுக் கதவைப் பார்த்தாள். பழக்கத்தில் குனிந்தே நுழைந்தாள். வீட்டில் யாரும் இல்லை. மேஜையில் ஒரு சீட்டு: ‘திருத்திய தாள்களைக் கொடுத்துவிட்டு வருகிறேன். நாலரைக்கு இருப்பேன்.’ நாலரை ஆயிற்று. நாலு முப்பத்தைந்துக்கு அக்காவுக்கு எரிச்சல் வந்தது. நாற்பதுக்குக் குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள், மருந்து டப்பாவில் மாத்திரைகளை எண்ணினாள். தங்கையின் சட்டை கொடியில் கிடந்தது, அதைத் தொட்டாள். எட்டு நாளில் நான் இல்லாமலே பழகிவிட்டாளோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. நாற்பத்தொன்றுக்குத் தேடிப் போகலாம் என்று செருப்பை மாட்டினாள். கதவு இல்லை.

வெளியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

“அக்கா, கதவைக் காணோம்.”

“தெரியுது.”

“நான் பண்ணல.”

“தெரியுதுடி.”

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை படியில் உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம், “செருப்பைக் கழட்டு. உக்காரு. கீழேருந்து சொல்லு, வாசற்படியில என்ன இருக்கு?”

“விரிசல்.”

“எந்தப் பக்கம்?”

அக்காவுக்குத் தெரியவில்லை. தாழ்ப்பாள் இடமா வலமா, பெயின்ட் பச்சையா நீலமா, எதுவும் தெரியவில்லை. “இத்தனை வருஷம் இந்தக் கதவைத் திட்டியிருக்க, ஒரு நாள் பாத்ததில்ல” என்றாள் தங்கை. கோபமாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அக்கா திருப்பிச் சொன்னாள். ஐந்தரை மணிக்குச் சுவரின் அடியில் ஒரு சாண் கதவு தெரிந்தது. தாழ்ப்பாளை இரண்டு விரலால் விலக்கியதும் முதலில் ஒரு பால் பாக்கெட் உள்ளே வந்தது, பிறகு தங்கையின் கை.

“எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு, உனக்கு அம்பது நிமிஷம். இதுலயும் நீதான் முந்தணுமா?”

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே இருந்தாள். இருட்டுவதற்குள் கதவு தங்கை நுழையும் அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது அக்கா லேபில் இயந்திரத்தை ஓட்டுகிறாள். தங்கை வியாழக்கிழமைகளில் தனியாகவே மருத்துவமனைக்குப் போகிறாள். கதவு முழுசாக இருக்கும் நாட்களே அதிகம். குறையும் நாட்களில் அது யாருடைய குறை என்று இருவரும் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, எவளுடையதோ அவள் உட்கார்ந்து வாசற்படியிலிருந்து ஆரம்பிக்கிறாள். தண்ணீர் கேன் போடுகிறவர் கேனைத் தோளில் ஏற்றுமுன் கீழிருந்தே, “இன்னைக்கு எத்தனை அடி?” என்று கேட்கிறார். மேலிருந்து சொல்கிறார்கள். மூன்றுக்குக் கீழே என்றால் வாசலில் கேனைப் படுக்கப்போட்டு உள்ளே உருட்டிவிடுகிறார்.