வலது கையில் கோப்பை

ஜெனீவா மாநாட்டுக்கு வந்த அமெரிக்கக் குழுவில் எங்களுக்குக் கிடைத்த முதல் பயிற்சி, காப்பிக் கோப்பையைப் பிடிப்பது. சீனாவோடு மோதிய கொரியப் போர் ஓய்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சீனர்களோடு ஒரே மண்டபத்தில் உட்காரலாம். கை மட்டும் குலுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அதற்கு எங்கள் தலைவர் ஹாலோரன் கண்டுபிடித்த வழி: இடைவேளையில் வலது கையில் கோப்பை, இடது கையில் கேக் தட்டு. ஹோட்டல் அறையில் எங்களை வரிசையாக நிறுத்தி, தானே சீனராகி, கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"குடிச்சிடாதீங்கப்பா. காலியானா கீழ வைக்கத் தோணும்."

மொழிபெயர்ப்பாளன் வென்டல் மட்டும் காப்பியைச் சிந்திக்கொண்டே இருந்தான். அவனுக்கு இடது கைப் பழக்கம். அது மட்டும் காரணமில்லை. சீனக் குழுவின் மொழிபெயர்ப்பாளன் லியாங், ஒஹாயோவில் கல்லூரி முடியும்வரை இவனோடு ஒரே அறையில் இருந்தவன்.

"அவனுக்குக் கை கொடுக்காம ஊருக்குப் போனா எனக்குத் தூக்கமே வராதுடா," என்றான் என்னிடம்.

"கொடுத்துட்டுப் போனா விசாரணைக் கமிட்டி தூங்க விடாது," என்றேன். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த அந்த வருடம் அது ஜோக்கில் சேராது.

கடைசி நாள் இடைவேளையில் லியாங் நேராக வென்டலிடம் வந்தான். வலது கையில் கோப்பை. இடது கையில் தட்டு.

"உனக்குமாடா?" என்றான் வென்டல்.

"ஒத்திகைகூட உண்டு. அமெரிக்கனா நடிச்சவர் சிரிச்சுக்கிட்டே வந்தார். உங்க ஆளைப் பாத்தா அப்படித் தெரியலையே!"

இருவரும் சிரித்தார்கள். குடிக்கத்தான் முடியவில்லை.

அப்போது மண்டபப் பணியாள் ட்ரேயை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். லியாங் யாரையும் திரும்பிப் பார்க்காமல், நிறைந்த கோப்பையை அதில் வைத்தான். அவனது வெறுங்கை இருவருக்கும் நடுவே நீண்டது.

வென்டல் மண்டபத்தின் மறுகோடியைப் பார்த்தான். அங்கிருந்து ஹாலோரன் தன் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். வென்டல் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

லியாங்கின் கை சற்று நேரம் காத்திருந்தது. பிறகு வென்டலின் தட்டுக்குப் போய்க் கேக்கை எடுத்தது.

"அப்பவும் உன் பங்க நான்தானேடா திம்பேன்," என்று சொல்லி, வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"பிரமாதம்ப்பா!" என்றபடி வந்தார் ஹாலோரன். "அடுத்த மாநாட்டுக்கு நீதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கணும்."

வென்டல் கோப்பையைக் கீழே வைக்காமல் தெருவெல்லாம் ஏந்தி, ஹோட்டல் அறைவரை நடந்து வந்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.