பாதித் தொட்டி

அந்த வீட்டில் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். புருஷன் வைத்த பெயர்தான். மகளும் கொழுந்தனும் அவள் காதுக்கு எட்டாத நேரம் பார்த்து அதைத் தாராளமாகப் புழங்கினார்கள். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டாள். லிஃப்டில் எழுதியிருக்கிற எண்ணிக்கைக்கு மேல் ஒரு ஆள் ஏறிவிட்டால், மற்றவர்கள் முறைக்க முறைக்க இவள் இறங்கிப் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வருவாள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். தான் இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பதால்தான் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் இதுவரை ஒரு கீறல்கூட விழவில்லை என்று அவள் நம்பினாள்.

அவர்களுக்கு வண்டி கழுவுகிற தொழில். கடை என்று ஒன்று கிடையாது. அழுக்கு வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே இவர்கள் போவார்கள். ஜீப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லர். அதில் முன்பக்கம் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. பின்பக்கம், சக்கரத்தைத் தாண்டி, ஜெனரேட்டர், பம்ப், சுருட்டி வைத்த ரப்பர் குழாய்கள். எங்கே கிளம்பினாலும் தொட்டியை வாய் வரைக்கும் நிரப்பித்தான் கிளம்ப வேண்டும் என்பது புருஷனின் பிடிவாதம். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. டிரெய்லரைச் செய்து கொடுத்த பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார், இவனும் மண்டையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான். காரணத்தைக் கேட்டு வாங்கி வரத் தோன்றவில்லை, மகராசனுக்கு.

அன்றைக்குக் கிடைத்திருந்தது பெரிய வேலை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் டிப்போ, வரிசையாகப் பஸ்கள். புருஷன் பேசி முடிக்க முன்னாடியே போய்விட்டான். டிரெய்லரைக் கொழுந்தன் ஜீப்பில் இழுத்துவர வேண்டும். இவள் துணிகளையும் சோப்பு வாளிகளையும் தன் சின்னக் காரில் போட்டுக்கொண்டு பின்னால் போக வேண்டும். பள்ளிக்கூடம் லீவு. மகள் சித்தப்பாவோடுதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மகளுக்கு பெல்ட் மாட்டிவிட்டு, கொழுந்தனிடம் மெதுவாக ஓட்டச் சொல்லலாம் என்று இந்தப் பக்கம் சுற்றி வந்தபோதுதான், ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த தகடு அவள் கண்ணில் பட்டது. இந்த ஜீப் இவ்வளவு எடைக்கு மேல் இழுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டாள். தொட்டித் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதற்கு மேல் இரும்புச் சட்டம், ஜெனரேட்டர், பம்ப். தகட்டில் இருப்பதை எப்போதோ தாண்டிவிட்டது. இத்தனை நாள் இப்படியா ஓட்டிக்கொண்டிருந்தார்கள், இந்தப் புண்ணியவான்கள்?

கொழுந்தன் சிரித்தான். இவ்வளவு நாள் இப்படித்தானே போய்க்கொண்டிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்றான். டிப்போவில் குழாய் இருக்குமா என்று தெரியாது, அண்ணன் கத்துவார் என்றும் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. பாதித் தண்ணீரைத் திறந்துவிடு, பாதி போதும், மிச்சத்தை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்றாள். அண்ணி சொல்லி அவன் தட்டிய பேச்சே கிடையாது. அவன் பரீட்சையில் கோட்டைவிட்டு வந்த நாளில் வீடே வரிசைகட்டித் திட்டியபோது, தட்டில் சோறு போட்டு முதலில் சாப்பிடு என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். குனிந்து குழாயைத் திறந்தான். தொட்டி பாதியாகும்வரை தண்ணீர் தெருவோரச் சாக்கடையில் ஓடியது.

தண்ணீர் இறங்க இறங்க, எப்போதும் பின்பக்கம் அமுங்கியே நிற்கும் ஜீப் மெல்ல நிமிர்ந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. இப்போதுதான் வண்டி மூச்சு விடுகிறது பார் என்று கொழுந்தனிடம் சொல்லவும் சொன்னாள். மறுபடி கணக்குப் போட்டாள். தகட்டில் உள்ளதற்கு உள்ளேயே வந்துவிட்டது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. நிம்மதியாகக் காரில் ஏறினாள்.

ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. நெரிசலில் நத்தை மாதிரிதானே போனார்கள். பெரிய சாலைக்கு வந்து வேகம் பிடித்ததும், முன்னால் போகும் டிரெய்லரில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. இன்னதென்று சொல்ல முடியவில்லை. பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. நம்பர் பலகை தரையை முகர்ந்துகொண்டு போனது. முன்பக்கம் தூக்கியிருந்தது. அவ்வப்போது முதுகு அரிப்பெடுத்தவன் போல லேசாக நெளிந்தது, பிறகு நேராகப் போனது. ரோடு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ரோடு கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

மலை ஏற்றத்தில் டிரெய்லரின் மூக்கு இன்னும் கொஞ்சம் தூக்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முன்பக்கம் இருந்த தண்ணீர்தான் இத்தனை நாளும் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தது. பார்க்கில் பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஜெனரேட்டரும் பம்பும். தண்ணீரில் பாதியை இவள் இறக்கிவிட்டாள். ஜெனரேட்டர் பக்கம் கனத்துவிட்டது. மிச்சம் இருக்கிற தண்ணீரும் இப்போது இடம் கிடைத்து முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும். ஜீப் நிமிர்ந்தது மூச்சுவிட்டதால் அல்ல. டிரெய்லரின் மேல் அதன் பிடி விட்டுப்போயிருந்தது. எடையைக் குறைக்க வேண்டுமென்றால் ஜெனரேட்டரை அல்லவா இறக்கியிருக்க வேண்டும்? அவள் காரின் பின்சீட்டில் நாலு துணிமூட்டை போக இடம் காலியாகத்தான் கிடந்தது.

ஹாரன் அடித்தாள். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். கொழுந்தன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி உற்சாகமாக ஆட்டினான். அண்ணி விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பான், பாவம். அதற்குள் ஏற்றம் முடிந்து, நீளமான இறக்கம் தொடங்கிவிட்டது.

ஒரு லாரி அவர்கள் வண்டி இரண்டையும் தாண்டிக்கொண்டு விர்ரென்று போனது. அது கிளப்பிய காற்றில் டிரெய்லர் இடதுபக்கம் ஒதுங்கியது, வலதுபக்கம் வந்தது. அதோடு நிற்க வேண்டாமா? நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகப் போய் வந்தது. ஜீப்பின் பின்பக்கத்தையும் தன்னோடு இழுத்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் வைத்துக் கொழுந்தனை அழைத்தாள். எடுத்தது மகள்.

"அம்மா, வண்டி ஆடுது," என்றாள். குரலில் பாதி சிரிப்பு, பாதி அழுகை.

"கண்ணு, அம்மா சொல்றதை அப்படியே சித்தப்பாகிட்ட சொல்லு. பிரேக்கை மிதிக்க வேண்டாம். காலை எடுத்துட்டு, ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கச் சொல்லு. திருப்பவே வேண்டாம்."

மகள் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தது போனில் கேட்டது. அவனும் அப்படியே செய்தான். பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை, ஜீப் வளையவில்லை. இரண்டு ஆட்டம் சின்னதாகக் குறைந்தன. கடவுளே, கடவுளே என்று அவள் முணுமுணுத்தாள். ஆனால் அது இறக்கம். காலை எடுத்தாலும் வண்டி தானாக வேகம் பிடித்தது. தொட்டிக்குள் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கமாக மோதியிருக்க வேண்டும். டிரெய்லர் ஒரே வீச்சாக வெளியே போய், ஜீப்பைக் கழுத்தைப் பிடித்துத் திருப்புவதுபோல் திருப்பியது.

ஜீப் சுழன்று, ஒரு மைல்கல்லில் பக்கவாட்டில் மோதி, வந்த வழியைப் பார்த்து நின்றது. டிரெய்லர் கொக்கியைப் பிய்த்துக்கொண்டு ஓரத்துப் பள்ளத்தில் கவிழ்ந்தது. எதிரே வேறு வண்டி வரவில்லை. அவள் எப்படிக் காரை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. முன்கண்ணாடிக்கு எதிரே ஜீப்பின் முன்கண்ணாடி. அதற்குள் பெல்ட்டோடு மகள், காதில் இன்னும் போன்.

"அம்மா, நீ தெரியுற," என்றது போன். "சித்தப்பா பேச மாட்டேங்கறாரு."

இறங்கி ஓடினாள். மகளுக்கு ஒன்றும் இல்லை; தடவித் தடவிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. கொழுந்தன் பக்கம்தான் மைல்கல்லில் இடித்திருந்தது. கதவு உள்ளே அமுங்கி அவன் வலது கால்வரை வந்திருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை அவன் இன்னும் விடவில்லை, நேராகவே பிடித்திருந்தான். அவள் சொன்னபடியே. அதைப் பார்த்ததும் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை பொங்கியது. பின்னால் வந்து நின்ற ஒரு காரிலிருந்து இறங்கிய பெண்ணிடம் மகளைக் கொடுத்தாள், ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாள், உடைந்த ஜன்னல் வழியாக அவன் கன்னத்தைத் தொட்டு, தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து அவன் தலை திரும்பியது.

"பாப்பாவுக்கு?"

"ஒண்ணும் ஆகல, தம்பி. ஒண்ணும் ஆகல."

அவன் மூச்சு விட்டான். பள்ளத்தைப் பார்த்தான். கவிழ்ந்த தொட்டியிலிருந்து மிச்சத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் திட்டியிருந்தால், ஒரு வார்த்தை கத்தியிருந்தால், அவள் தாங்கியிருப்பாள். அவன் குழந்தை மாதிரி, நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"எடையைக் குறைச்சுட்டோமே அண்ணி. அப்புறம் ஏன்?"

லாரிக்காற்று என்று சொல்லியிருக்கலாம். இறக்கம் என்று சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அவன் நம்புவான். அண்ணனிடமும் அதையே சொல்வான், போலீஸிடமும் அதையே சொல்வான். அவள் வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

"குறைச்சதாலதான், தம்பி," என்றாள். "நான் குறைக்கச் சொன்னதாலதான்."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி அண்ணி என்று தலையாட்டினான்.