படலத்தில் ஒரு ரேகை

வாசல் சுவரில் இருந்த வருகைப் பதிவு எந்திரம் துப்புரவு அக்காவின் பெருவிரலை மறுபடியும் ஏற்க மறுத்தது. சிவப்பு விளக்கு, கீச்சென்று ஒரு சத்தம். அவள் விரலை மேலங்கியில் தேய்த்துவிட்டுத் திரும்ப அழுத்தினாள். அதே சிவப்பு.

"ஏம்மா, ரேகையை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்றபடி காவலாளி அவள் வரவைக் கையால் எழுதிக்கொண்டார்.

"ஆசிட்டு தின்னது போக மிச்சம் இவ்ளோதாண்ணே. அதுலயும் ஒரு வசதி. நான் திருடினா எந்தப் போலீசும் கண்டுபிடிக்க முடியாது."

பின்னால் நின்ற டெக்னீஷியனும் சிரித்தான். ஆய்வகத்துக் குடுவைகளை அமிலத்தில் கழுவிக் கழுவி அவள் விரல் நுனிகள் தேய்ந்த சோப்புக்கட்டி போல வழவழப்பாகிவிட்டன. ஒப்பந்தத் துப்புரவுக்குக் கையுறை கிடையாது. போன வாரம் அவள் கை வெடித்து ரத்தம் கசிவதைப் பார்த்து, ஆய்வகப் பெட்டியில் மிச்சமிருந்த ஒரே ஜோடியை அவன்தான் எடுத்துக் கொடுத்தான். புதுப் பெட்டி மறுநாளே வந்துவிடும் என்று நினைத்தான். இன்னும் வரவில்லை.

உள்ளே இருந்த எஃகுக் கலனுக்கு ஆய்வகத்தில் எல்லாரும் வைத்த பெயர் மாமியார். ஒரு தூசு, ஒரு சொட்டு வியர்வை போதும். செய்த வேலையெல்லாம் குப்பை. காற்றை உறிஞ்சிய அந்தக் கலனில், ஒளிரும் வாயு தாக்கி இரும்பும் கோபால்ட்டும் கலந்த வட்டிலிருந்து அணுக்கள் தெறிக்கும். தெறித்தவை சிலிக்கான் தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காந்தப் படலமாகப் படியும். எலெக்ட்ரானின் சுழற்சியைக் கொண்டு இயங்கும் புதுவகை நினைவுச் சில்லுக்கு அந்தப் படலம்தான் உயிர். மதியம் அதைப் பார்க்கச் சில்லு செய்யும் நிறுவனத்துக்காரர்கள் வருகிறார்கள்.

"தகட்டை ஏத்தியாச்சா?" பேராசிரியர் கதவருகே வந்து கேட்டார்.

"இதோ சார்."

டெக்னீஷியன் இடுக்கியால் தகட்டைத் தூக்கினான். அது வழுக்கியது. கீழே விழுமுன் வெறுங்கை அதைப் பிடித்துவிட்டது. பெருவிரல் முழுதாக மேலே பதிந்தது. வேறு தகடு எடுத்தால் கழுவிக் காய வைக்கவே மதியமாகிவிடும். அவனுடைய ஒப்பந்தத்தை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். 'இந்தத் தடவையாவது நல்ல பேர் எடுங்க' என்று மனைவி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆல்கஹால் துணியால் அவசரமாக ஒரு துடை துடைத்து, மாமியாரின் கதவைச் சாத்தினான்.

மதியம் வந்தவர்கள் முன்னால் கலனைத் திறந்தான். தகடு முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னியது. ஓரத்தில் மட்டும் படலம் உரிந்து, வளைவு வளைவாகக் கோடுகள். ஒரு கோடுகூட விடாமல், மையில் உருட்டி எடுத்த மாதிரி.

"என்ன சார், கைநாட்டு வெச்சுக் குடுக்கறீங்க?" என்றார் வந்தவர்களில் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். பேராசிரியரின் காது சிவந்தது.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த பேராசிரியர் காலிக் கையுறைப் பெட்டியைப் பார்த்தார். பிறகு, தொட்டியருகே நின்ற அக்காவின் நீலக் கையுறைகளைப் பார்த்தார்.

"லேப் கையுறை உன் கைக்கு எப்படி வந்துச்சு? தகட்டையும் நீதான் தொட்டியா?"

"தகட்டுப் பக்கமே நான் போகலைங்கய்யா."

"கையுறை?"

அவள் டெக்னீஷியனைப் பார்த்தாள். அவன் குனிந்து அழுத்தமானியைப் படித்தான். பம்பு நின்று வெகுநேரமாகியிருந்தது. முள் அசையவில்லை. அவன் படித்துக்கொண்டே இருந்தான்.

"கேக்காம எடுத்துட்டேங்கய்யா," என்றாள்.

"நாளையிலேருந்து வர வேண்டாம்." பேராசிரியர் தகட்டை விளக்கின் கீழேயே வைத்துவிட்டுப் போனார். ரேகை கோடு கோடாகத் தெரிந்தது.

அவள் கையுறைகளைக் கழற்றி, கழுவி, ஊதி விரல்களை நிமிர்த்திக் குழாய்மேல் காயப் போட்டாள்.

"அக்கா, நான் வந்து..."

"விடுங்க தம்பி. அந்தப் பெரிய ஆசிட் பாட்டில் மூடி லூசா இருக்கு. அடுத்து வர்ற பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, பாவம்."

அவன் தலையாட்டினான்.

சாயங்காலம் வாசலில் அவனுக்கு முன்னால் அவள் நின்றாள். விரலை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு.

"விடும்மா, இனிமே எதுக்கு?" என்றார் காவலாளி.

அவள் விலகி வழிவிட்டாள். டெக்னீஷியன் தன் பெருவிரலை வைத்தான். உடனே பச்சை விளக்கு எரிந்தது. எந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் இனிமையாக, "நன்றி" என்றது.