ஒன்பதாம் எண்ணில் ஒரு சவரம்

பொற்கொடி பதினோரு வருஷம் முழுகாமல் இருந்தாள். அத்தனை வருஷமும் அவள் புருஷன் சென்னியப்பன் சவரம் செய்யவில்லை.

பெண்டாட்டி பிள்ளையைச் சுமக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பத்து மாசக் கணக்கில் போட்ட வழக்கம்தான். அதற்காகப் பதினோராம் மாசம் மீற முடியுமா? டாக்டரிடம் கேட்டார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது, அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

தாடி முதலில் மார்புக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு வந்தது. எட்டாம் வருஷத்திலிருந்து பஸ்ஸில் தாடி ஜன்னலோரம் உட்காரும். சென்னியப்பன் பக்கத்தில் நின்றுகொண்டு வருவான்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மகள் பிறந்தாள். எடை சரியாக இருந்தது. கை கால் சரியாக இருந்தது. பேசவும் செய்தாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த அன்றே மாலை ஆறு மணிக்குள் பேர் வைத்தாக வேண்டும். அப்பன்காரன் குழந்தையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். வார்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெபமணி சிஸ்டர் அதை ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்வார். தவறினால் கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன பொருள் இருக்கிறதோ அதன் பேரை எழுதிவிடுவார்கள். இதே வார்டில் பிறந்த ஜன்னல் இப்போது பாங்க்கில் மேனேஜர். ஸ்டூல் கல்யாணமாகித் திருப்பூரில் சௌக்கியமாக இருக்கிறாள். யாரும் கெட்டுப்போய்விடவில்லை. ஆனாலும் பெற்ற மனசு கேட்குமா?

பொற்கொடியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்க் இருந்தது. சென்னியப்பன் அதை நகர்த்தி வைத்துப் பார்த்தான். அதற்குப் பின்னால் வாளி இருந்தது. பிளாஸ்க்கைப் பழையபடி வைத்துவிட்டான்.

பேரை அவன் எப்போதோ முடிவு செய்திருந்தான். பிறப்பதற்கு முன்னால் வெளியில் சொல்லக் கூடாது என்று பொற்கொடியிடம்கூட மூச்சு விடவில்லை. இப்போது சொல்லலாம் என்று குனிந்தான். அவனுக்கு முன்னால் தாடி போய்ச் சேர்ந்தது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

"கூசுது. உள்ள யாரு இருக்கறது?" என்று கேட்டது.

"அப்பன்தான் கண்ணு."

"மொகத்தக் காட்டுங்க. பாத்துட்டுத்தான் காதக் குடுப்பேன்."

நியாயமான பேச்சுதான். யார் எவர் என்று தெரியாமல் காதைக் கொடுத்துவிட முடியுமா? ஆனால் உள்ளே எவன் இருக்கிறான் என்று சென்னியப்பனுக்கே சரியாக ஞாபகம் இல்லை. மகளுக்குப் பிடிக்காத முகமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் யார் கத்தியை எடுப்பார்கள்? அதோடு இன்றைக்கு ஆறு மணி தாண்டினாலே பிள்ளை பிளாஸ்க்தான்.

ஜெபமணி சிஸ்டர் வழி சொன்னார். நேராகப் போனால் நாலாவது கதவு, அங்கே திருகு ரேசர் இருக்கிறது, போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

திருகு ரேசரைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. கைப்பிடிக்கு அடியில் ஒரு திருகு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள். எண் ஏற ஏற பிளேடு வெளியே வரும். ஒரே இழுப்பில் முகம் வாழைத்தண்டு மாதிரி ஆகிவிடும் என்பார்கள். பவானியில் ஒருவர் அதைக் கையில் எடுத்ததுமே கோயமுத்தூரில் இருந்த தம்பிக்கும் சேர்த்து மழித்துவிட்டதாம். தம்பி அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

சென்னியப்பன் வராந்தாவில் நடந்தான். நடக்க நடக்க நாலாவது கதவு பதினாலாவதாயிற்று. பிறகு நாற்பதாவதாயிற்று. நடுவில் ஒரு இடத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மிதிக்காமல் ஓரமாகப் போனான். கதவைத் தட்டும்போது மணி நாலு.

அறை பெரியது. நடுவில் பெரிய நாற்காலி. அதில் ரேசரின் புகழ் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். வெள்ளைச் சட்டை, ஜரிகை வேட்டி. உடம்பு நாற்காலியின் இரண்டு பக்கமும் வழிந்தது. சட்டைப் பொத்தான்கள் எப்போது தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பாவம், எழுந்து நின்று வரவேற்கவே அவருக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது.

ரேசர் எங்கே என்று சென்னியப்பன் கேட்டான். புகழ் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு சோப்பு டப்பாவில் விரல் நீளத்துக்கு ஏதோ கிடந்தது.

"அதானுங்க. என்னைப் பாத்துட்டு அதும் இப்பிடி இருக்கும்னு நெனச்சுராதீங்க. அது சின்னதுங்க" என்றார் புகழ்.

இதை அவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லித்தான் பார்க்கிறார். யார் கேட்கிறார்கள்? சவரம் முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்து, ரேசர் புகழுக்கு ஏற்றபடி இருந்ததா என்று எழுதிக் கேட்பார்கள். தாடையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு நிற்கிறவர்கூட ஆம் என்றுதான் எழுதுவார். ஊரே மெச்சும்போது தன் முகத்தை மட்டும் கிழித்துவிட்டது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஒவ்வொரு ஆமுக்கும் புகழ் ஒரு சுற்றுப் பெருப்பார். பதினேழு வருஷமாக இந்தக் கதைதான் என்று வருத்தப்பட்டார்.

நாலில் வைத்தால் போதும், அதற்கு மேல் போனால் ரேசர் தாங்காது என்றும் சொன்னார்.

சென்னியப்பன் நாலில் வைப்பானா? அவன் ஊரில் விசிறி என்றால் ஐந்து. மிக்ஸி என்றால் மூன்று. டிவி சத்தம் என்றால் கடைசிக் கோடு. கடைசி எண் சும்மா கிடக்கும்போது நடு எண்ணில் வைக்கிறவனை அங்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அவன் திருகைப் பிடித்து ஒன்பது வரைக்கும் திருப்பினான். அதற்கு மேலும் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். இல்லை.

ரேசர் வேலையைத் தொடங்கியது. வேப்பிலையை உருவுகிற மாதிரி சத்தம் வந்தது. முதலில் இந்த வருஷத்துத் தாடி விழுந்தது. பிறகு போன வருஷத்துத் தாடி. ஆறாம் வருஷத்தில் வீட்டுச் சாவி ஒன்று கிடைத்தது. அந்த வீட்டை அவர்கள் காலி செய்து நாளாகிறது. இடது கன்னத்தில் ரேசர் இழுத்தது. நன்றாகவே வலித்தது. தாடையில் ரத்தம் எட்டிப் பார்த்தது. புகழ் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தான். ஒருவன் நின்றான். எங்கேயோ பார்த்த முகம். கெட்டவனாகத் தெரியவில்லை. அந்த மட்டில் நிம்மதியாக இருந்தது.

புகழ் ஒரு சீட்டை எடுத்து, மழித்து எடுத்தவற்றை முறைப்படி வாசித்தார். தாடி, பதினோரு வருஷம். மீசை ஒன்று. மச்சம் ஒன்று. முன்கோபம் கொஞ்சம். பேர் ஒன்று.

சென்னியப்பன் தன் பேரைச் சொல்லிப் பார்த்தான். சென்னியப்பன். அது இருந்தது. பெண்டாட்டி பேரைச் சொல்லிப் பார்த்தான். அதுவும் இருந்தது. மகளுக்கு வைத்திருந்த பேரைச் சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"என்ன பேருன்னு அதுல எழுதியிருக்குதுங்களா?"

"ரேசருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. எண்ணு மட்டுந்தான் தெரியும்."

ஐயோ என்று ஆகிவிட்டது அவனுக்கு. தரையில் மண்டிபோட்டு மயிரைக் கிளறினான். வருஷம் வருஷமாகப் பிரித்துப் பார்த்தான். புகழும் மூச்சிரைக்கக் கூட உட்கார்ந்து தேடினார். நல்ல மனுஷன். கிடைக்கவில்லை. திருகைத் திருப்பிய கையைக் கடித்துக்கொள்ளலாம் போல அவனுக்கு ஆத்திரம் வந்தது. பிறகு வரவில்லை. முன்கோபம் கொஞ்சம் போய்விட்டதே.

திரும்பும்போது வராந்தாவில் நாலே கதவுகள்தான் இருந்தன. பதில் எழுதாத தாளோடு புகழும் பின்னாலேயே வந்தார். மணி ஆறாக ஐந்து நிமிஷம்.

"யாருங்க வேணும்?" என்று கேட்டாள் பொற்கொடி.

சென்னியப்பன் நேராக மகள் முன்னால் போய் நின்றான். அவள் நெற்றியிலிருந்து தொடங்கித் தாடை வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். ஜெபமணி சிஸ்டர் பேனாவைத் திறந்துகொண்டார். கண் பிளாஸ்க் பக்கம் போயிற்று.

"இதுதானா?" என்றாள் மகள்.

"இதுதான் கண்ணு."

"செரி. நல்லாத்தான் இருக்குது."

தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். சின்னக் காது. அதில் இன்னும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சென்னியப்பன் குனிந்தான். பொய்ப் பேர் ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பாங்க் மேனேஜர் பேர்கூட வாய் வரைக்கும் வந்துவிட்டது. மனசு ஒப்பவில்லை.

"கண்ணு, ஒம் பேரத் தொலச்சுட்டு வந்துட்டேன். ஒம்பதுல வெச்சுட்டேன்" என்றான்.

மகள் அவனையே பார்த்தாள்.

"பதினோரு வருஷமா அம்மா தூங்குனதுக்கப்பறம் வயித்துக்கிட்ட வந்து, தெனமும் சொல்லிட்டுத்தான போனீங்க? எனக்கு மறக்குமா? உங்க காதக் காட்டுங்க."

சென்னியப்பன் காதைக் காட்டினான். அவள் சொன்னாள். நல்ல பேர். மூன்று தடவை சொன்னாள். அவன் அதை அவள் காதில் மூன்று தடவை திருப்பிச் சொன்னான். ஜெபமணி சிஸ்டர் வஞ்சிக்கொடி என்று எழுதி முடித்தார். மணி ஆறு அடித்தது.

பொற்கொடி கையை நீட்டி அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு ஆள் யாரென்று புரிந்தது. கை தாடைக்கு அடியில் நின்றது.

"ஏனுங்க, இங்க ஒரு கொத்து விட்டுப்போச்சே" என்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு கொத்துத் தாடி. ஒன்பதில் வைத்தும் ரேசர் அதை விட்டிருந்தது. சென்னியப்பன் தாளை வாங்கி, இல்லை என்று எழுதிக் கொடுத்தான். புகழ் அதைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். சட்டை மெல்லத் தளர்ந்தது. இப்போதுதான் மூச்சு விட முடிகிறது என்று சென்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது விறுவிறுவென்று நடந்து போனார்.

ஜெபமணி சிஸ்டர் அந்தக் கொத்தை நறுக்கிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"அது இருக்கட்டும். புடிச்சுக்கறதுக்கு வேணும்" என்றாள் வஞ்சிக்கொடி.

சொன்னபடியே ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி. பொற்கொடி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். சென்னியப்பன் பக்கத்தில் குனிந்தபடியே வீடு வரைக்கும் நடந்து வந்தான்.