நான்காம் அத்தியாயம்

பல்கலைக்கழக வளவில் காரை நிறுத்திய பிறகும் பாலேந்திரா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“சித்தப்பாவைப் பற்றின அந்தத் துண்டைக் கதைக்கமாட்டாய்தானே, பிள்ளை?”

“சோதினை எடுக்கிறவை கேட்டா என்னப்பா செய்யிறது?”

“கேட்டாலும்.”

கஜந்திக்கு அன்று கடைசிப் பரீட்சை, ஆய்வேட்டைப் பற்றிய வாய்மொழிப் பரீட்சை. இனக்குழுக் கற்கைகளில் இளங்கலைப் பட்டம் படிக்கப்போவதாக அவள் சொன்ன நாளில், “எங்களைப் பற்றிப் படிக்கிறதுக்கும் ஒரு டிகிரியோ?” என்று சிரித்தவர் பாலேந்திரா. ஆனால் இந்த மாசி மாதம், ஆய்வேட்டுக்காக ஒலிப்பதிவுக் கருவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவள் கேள்வி கேட்டபோது, இவ்வளவு காலமும் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போலக் கதைத்தார். டென்மார்க்கின் ஓல்போர்க்குக்கு வந்த முதல் குளிர்காலம், மீன் தொழிற்சாலை, எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் கிளிநொச்சியில் இருந்த தம்பி கோணேஸ்வரனைப் பற்றிச் சொன்னார். தம்பி புலிகள் இயக்கத்துக்கு வாகனம் திருத்திக் கொடுத்தவர். அந்தக் கதைதான் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம். வழிகாட்டி கியர்ஸ்டன் மிகவும் பாராட்டிய அத்தியாயமும் அதுதான். கஜந்தி பெயரை மாற்றியிருந்தாள். ஊரையும் தொழிலையும் மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

வைகாசியில் போர் முடிந்தது. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்த பின்னேரம், வவுனியா முகாமிலிருந்து யாருடையதோ தொலைபேசியில் தம்பியின் மனைவி யோகமலர் அழைத்தாள். கோணேஸ்வரனை இராணுவம் பிரித்துக் கொண்டுபோய் விசாரிக்கிறதாம்.

“வயல் கமம் செய்தவர் எண்டு பதிஞ்சிருக்கிறம், அண்ணை. அங்கை ஆரும் வேறை மாதிரிச் சொல்லிப்போடாதேங்கோ.”

தொலைபேசியை வைத்த பாலேந்திரா மகளைப் பார்த்தார். திட்டியிருந்தால் நல்லது என்று கஜந்திக்கு இருந்தது.

கியர்ஸ்டனிடம் ஓடினாள். ஏட்டை நூலகத்தில் வைக்காமல் மூடிவைக்கக் கியர்ஸ்டன் ஒத்துக்கொண்டாள். “ஆனால் வெளிப்பரீட்சகர் அதை வாசித்துவிட்டார். அவர் கேட்பதை என்னால் தடுக்க முடியாது” என்றாள். வாய்மொழிப் பரீட்சையும் மூடிய கதவுக்குள் நடப்பதல்ல. விரும்பியவர் யாரும் வந்து பின்வரிசையில் இருக்கலாம்.

அப்படித்தான் குலேந்திரன் வந்திருந்தார். எங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை மேடையேறினாலும் படம் பிடித்துத் தன் இணையத்தளத்தில் போடுகிறவர். “இந்தப் படிப்புப் படிச்ச எங்கட முதல் பிள்ளை நீ” என்று கமராவைத் தூக்கிக் காட்டினார். அவரைக் கண்டதும், வெளியே நிற்பதாகச் சொன்ன பாலேந்திராவும் உள்ளே வந்து கதவடியில் இருந்தார்.

முதல் கேள்விகள் சுலபமாகப் போயின. பிறகு வெளிப்பரீட்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நான்காம் அத்தியாயம் அருமை. அந்தச் சகோதரர் அமைப்பில் இருந்தாரா, அல்லது வேலை மட்டும் செய்தாரா? உங்கள் வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது.”

பதில் அவளுக்குத் தெரியும். குளிக்கும்போதும் பேருந்திலும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். சொன்னால் உச்சப் புள்ளியான பன்னிரண்டு கிடைக்கும் என்று கியர்ஸ்டனின் முகமே சொன்னது. “அவர்...” என்று தொடங்கினாள். பின்வரிசையில் கமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவடியில் அப்பா தலை குனிந்திருந்தார்.

“அந்த அத்தியாயத்தை நான் விலக்கிக்கொள்கிறேன்.”

“காரணம்?”

“காரணத்தையும் சொல்ல முடியாது.”

“அப்படியானால் உங்கள் முடிவுரை நிற்காதே?”

“நிற்காது” என்றாள் கஜந்தி.

வெளியே அனுப்பி, மீண்டும் கூப்பிட்டு, புள்ளியைச் சொன்னார்கள். தேறுவதற்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி. கியர்ஸ்டன் அவளுடைய கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

நடைபாதையில் குலேந்திரன் வழிமறித்தார். “ஏனம்மா அந்த இடத்தில விட்டனி? அவங்கள் அவ்வளவு ஆசையாக் கேட்டவங்கள். எங்கட சனத்தின்ர கதையைச் சொல்ல உனக்குப் பயமோ?”

இவருக்கு என்னவென்று சொல்வது?

“ஓம், பயம்தான் அண்ணை” என்றார் பாலேந்திரா. “எனக்கும் பயம்தான். அந்த வீடியோவைப் போடாதேங்கோ.”

குலேந்திரன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் கறுத்தது. ஓமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

அடுத்த மாணவனின் வீட்டார் கேக்கும் சிவப்பு வெள்ளை டென்மார்க் கொடிகளுமாக நடைபாதையை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கஜந்தியையும் தகப்பனையும் பார்த்துச் சிரித்து, டேனிஷில் வாழ்த்துச் சொல்லி, ஒரு காகிதக் கொடியைப் பாலேந்திராவின் கையில் திணித்தாள். அவர் நன்றி சொன்னார். மற்றக் கையால் தொலைபேசியை எடுத்து, யோகமலர் கதைத்த அந்த இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது. யன்னலால் வந்த காற்றில் கொடி அவருடைய கன்னத்தில் மெல்ல அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதை விலக்கவில்லை.