ஸ்கோருக்கு ஒரு பூசை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிளைட்டன் ஒரு தவணைகூடத் தவறாதவன். அவனுக்கே வீட்டுக் கடன் கிடையாது என்று வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். சிபில் ஸ்கோர் ஐந்நூற்று எண்பதாம். காரணம், மச்சினன் ஜாய்சனின் பைக் கடனுக்கு அவன் போட்ட ஜாமீன் கையெழுத்து. அந்த மகராசன் நான்கு மாதமாகத் தவணை கட்டவில்லை. பைக்கை மட்டும் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான்.

"ஏலே, எப்பதான் கட்டுவ?" என்று கேட்டால், "கட்டிருதேன் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிடுவான்.

கிளைட்டனுக்கு மண்டை சூடேறியது. நேரே மாதா கோயில் அலுவலகத்துக்குப் போய், ஞாயிறு பூசையில் எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொள்ளச் சொல்லிப் பூசைக் கருத்து எழுதிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அதை மைக்கில் கணீரென்று வாசித்தார்.

"கிளைட்டனின் சிபில் ஸ்கோர் உயரவும், அவர் மச்சினன் ஜாய்சன் பைக் தவணையை மறக்காமல் கட்டும் வரம் பெறவும் மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்று கோயிலே அதிர்ந்தது. முன்பெஞ்சுக்காரர்கள் ஜாய்சனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் நான்கு தவணையும் கட்டியாகிவிட்டது. ஸ்கோர் இனி மெல்ல ஏறும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு கிளைட்டன் முதல் பெஞ்சில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

உபதேசியார் சீட்டைப் பிரித்தார். "மூன்று வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஜாய்சனிடம் வாங்கிய ஏணியைக் கிளைட்டன் திருப்பிக் கொடுக்கும் மனம் பெற மன்றாடுவோம்."

பழக்கதோஷம், எல்லாருக்கும் முந்திக்கொண்டு கிளைட்டனின் வாய்தான் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"